கிராங்கில் இரண்டு கட்டுகள்

காலை ஏழு மணிக்கெல்லாம், ஏணி என்று பேர் வாங்கிய மனிதர், சைக்கிளுக்குப் பக்கத்தில் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்துவிட்டார். கம்பெனி நர்ஸம்மா வரப்போவது ஒன்பது மணிக்கு. அதற்குள் அவர் முடிக்க வேண்டியது ஒரே ஒரு வேலைதான். கோட்டுப் பொத்தான் அளவுள்ள ஒரு சென்சாரை, இடது பெடலைத் தாங்கி நிற்கும் கிராங்கின் உட்பக்கத்தில் வைத்து, கேபிள் டை என்கிற பிளாஸ்டிக் பட்டை இரண்டால் இறுக்கிக் கட்ட வேண்டும். கை பழகியவனுக்கு ஐந்து நிமிஷம். ஆனால் முப்பது வருஷம் துறைமுக யார்டில் கிரேன் ஓட்டிய மனிதரிடம் எதையாவது கட்டச் சொல்லிப் பாருங்கள், கப்பலையே கட்டுவது போலத்தான் கட்டுவார்.

ஏணி என்பது யார்டில் வைத்த பேர். ஒல்லி, நெட்டை, பிழைப்பே ஏறி இறங்குவது. பேர் வைத்தவன் அதிகம் யோசித்திருக்க மாட்டான். வீட்டில் அவர் மனைவி மட்டும் அந்தப் பேரைச் சொல்வதில்லை. அவள் வீட்டிலேயே திரைச்சீலை தைத்துக் கொடுக்கும் தையல்காரி. அன்று காலையும் ஜன்னலோரம் மெஷின் முன்னால் உட்கார்ந்து ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். கோத்துக்கொண்டிருந்தாள் என்பது மரியாதைக்குச் சொல்வது. நூல் நாலு தடவை தவறிவிட்டது. கண் முழுக்க அவர் விரல்களில் இருக்கும்போது ஊசியின் காது எப்படித் தெரியும்?

அந்தச் சின்னப் பொத்தானில் அவர் மிச்ச வாழ்க்கை தொங்கிக்கொண்டிருந்தது. எட்டு மாதத்துக்கு முன்னால், நாற்பத்தைந்து மீட்டர் உயரத்தில், கிரேன் கேபினுக்குள் அவருக்கு நெஞ்சு வலி வந்தது. ஏறிய மனிதரால் இறங்க முடியவில்லை. ஸ்ட்ரெச்சர் படுக்கையோடு சேர்த்துக் கட்டி, கயிற்றில் தொங்கவிட்டு, கீழே கொண்டுவந்து சேர்க்க ஒரு மணி ஐம்பது நிமிஷம் ஆயிற்று. ஆஸ்பத்திரி, ஆபரேஷன், ஓய்வு எல்லாம் முடிந்தபின் கம்பெனி அவரை வாசல் கேட்டில் உட்கார வைத்து லாரி நம்பர் எழுதச் சொன்னது. மறுபடி மேலே போக வேண்டுமென்றால் கம்பெனி டாக்டரின் பரிசோதனையில் தேற வேண்டும். தினமும் உடற்பயிற்சிக்கு ஓட்டிப் பழகிய அதே சைக்கிளை வீட்டிலேயே ஸ்டாண்டில் நிறுத்தி, முப்பது நிமிஷம் மிதிக்க வேண்டும். நிமிஷத்துக்கு அறுபது சுற்றுக்குக் குறையக்கூடாது. நெஞ்சில் ஒரு பட்டை, கிராங்கில் ஒரு சென்சார், இரண்டும் சொல்வது நர்ஸம்மாவின் டேப்லெட்டில் ஏறும். சென்சார் பத்து விநாடி பேசாமல் இருந்தால் மிதித்தவர் நின்றுவிட்டார் என்று அர்த்தம். பரிசோதனை அத்தோடு சரி. இரண்டு தடவைதான் வாய்ப்பு.

முதல் தடவை மூன்று வாரத்துக்கு முன்னால் போய்விட்டது. இருபத்திரண்டாவது நிமிஷத்தில் இரண்டு கட்டும் ஒன்றன்பின் ஒன்றாக அறுந்து, சென்சார் தரையில் விழுந்து மெஷினுக்கடியில் உருண்டது. ஏணிக்கு விஷயம் புரிவதற்குள் டேப்லெட் கதையை முடித்துவிட்டது. அன்று ராத்திரி சாப்பாட்டின்போது அவர், பிளாஸ்டிக்கை நம்பினது என் தப்பு என்றார்.

தப்பு பிளாஸ்டிக்குடையது அல்ல. அன்று கட்டியவள் அவள். கட்டிவிட்டு, தையல் பிரிக்கும் சின்னக் கத்தியால் இரண்டு கட்டையும் பின்பக்கமாகப் பாதிக்குப் பாதி கீறி வைத்தவளும் அவள்தான். பாதி அறுத்த நூல் எத்தனை இழுப்புக்குத் தாங்கும் என்று இருபத்தாறு வருஷமாக அவள் விரலுக்குத் தெரியும். இருபது நிமிஷம் என்று கணக்குப் போட்டாள். இரண்டு நிமிஷம்தான் பிசகியது. அவளைக் கெட்டவள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த ஒரு மணி ஐம்பது நிமிஷமும் அவள் கிரேனின் அடியில் தலையை அண்ணாந்து நின்றவள். படுக்கை காற்றில் மெல்லச் சுற்றியதையும், ஒவ்வொரு சுற்றிலும் அவருடைய ஷூ இல்லாத ஒரு கால் தெரிந்து மறைந்ததையும் பார்த்தவள். அதை இன்னொரு தடவை பார்க்க அவளால் ஆகாது. ஆகாது என்று அவரிடம் சொல்லியும் பார்த்தாள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

இந்த விஷயம் தெரிந்த இன்னொரு ஆள் அவள் தம்பி. இரண்டு தெரு தள்ளி சைக்கிள் கடை வைத்திருப்பவன், சென்சாரை வாங்கிக் கொடுத்தவனும் அவனே. நேற்று சாயங்காலம் புதுக் கேபிள் டை கொண்டுவந்தான். மாமா குளிக்கப் போனதும், சட்டைப் பையிலிருந்து பழைய கட்டு ஒன்றை எடுத்து அவள் மெஷின் மேல் வைத்தான். மூன்று வாரமாக வைத்திருந்திருக்கிறான்.

"அக்கா, இது அறுந்தது இல்ல. பாதி அறுந்திருக்கு, பாதி அறுத்திருக்கு."

அவள் மெஷினை நிறுத்தவில்லை. தையல் கோணலாகப் போய்க்கொண்டிருந்தது.

"மாமாகிட்ட நான் சொல்லமாட்டேன். ஆனா இந்தத் தடவை நானும் கட்டித் தரமாட்டேன், நீயும் தொடக்கூடாது. அவரே கட்டிக்கட்டும்."

அக்காவிடம் இவ்வளவு கறாராக அவன் பேசியதே இல்லை. மாமா தலையைத் துவட்டிக்கொண்டு வந்ததும் அவருக்கு முறையைச் சொல்லிக் கொடுத்தான். கிராங்கில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கக்கூடாது, துடைக்க வேண்டும். அடியில் ரப்பர் வைக்க வேண்டும். கட்டின் பூட்டு, அதாவது வால் நுழைந்து இறுகும் அந்தக் கட்டை முனை, வெளிப்பக்கம் வர வேண்டும். உட்பக்கம் வந்தால் சைக்கிளின் சட்டத்தில் உரசும். கட்டி முடித்ததும் பெடலைப் பின்னோக்கி நாலு சுற்றுச் சுற்றி, எங்கும் இடிக்கவில்லை என்று பார்க்க வேண்டும். ஏணி எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். முப்பது டன் பெட்டியைக் காற்றில் தொங்கவிட்டவருக்கு ஒரு பொத்தானைக் கட்டச் சைக்கிள் கடைக்காரன் பாடம் எடுக்கிறான் என்ற சிரிப்பு அவர் மீசையில் இருந்தது.

இப்போது ஏழரை மணிக்கு அவர் கட்டிக்கொண்டிருந்தார். முதலில் கிராங்கை எண்ணெய்த் துணியால் பளபளவென்று துடைத்தார். யார்டில் எந்த இரும்பையும் அவர்கள் அப்படித்தான் துடைப்பார்கள். காய்ந்த இரும்பைக் கண்டால் அவருக்குத் தூக்கம் வராது. அதன்மேல் ரப்பர், ரப்பர்மேல் சென்சார். கட்டைச் சுற்றினார். பூட்டை வெளிப்பக்கம் கொண்டுவந்தார். நிறுத்தினார். யோசித்தார். பிறகு இரண்டு பூட்டையும் மெதுவாக உட்பக்கமாகத் திருப்பிவிட்டு, பல்லைக் கடித்து இறுக்கினார்.

ஏன் திருப்பினார் என்று அவளுக்கு உடனே விளங்கியது. கால் போகும் பக்கம் முடிச்சு இருக்கக்கூடாது. கிரேன் ஏணியில் அதுதான் முதல் சட்டம். அதில் ஷூ சிக்கினால் ஆள் கீழே. முப்பது வருஷமாக அந்தச் சட்டத்தோடு ஏறியவருக்கு, பெடல் மிதிக்கும் பக்கம் ஒரு பூட்டு துருத்திக்கொண்டு நிற்பதைப் பொறுக்க முடியவில்லை. பெடலைப் பின்னோக்கிச் சுற்றிப் பார்த்தார். இடிக்கவில்லை. உரசியதா என்றால் லேசாக உரசியது. அந்த மெல்லிய சத்தம் அவள் காதுக்கு வந்தது. அவர் காதுக்கு வரவில்லை. கிரேன் இயந்திரத்தின் பக்கத்தில் முப்பது வருஷம் இருந்த காது அது. கூப்பிட்டால் கேட்கும், ஊசி விழுந்தால் கேட்காது.

பூட்டு உள்ளே இருக்குதே என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவள் சொல்லவில்லை. தம்பி தொடக்கூடாது என்றான், நான் தொடவில்லை. இந்தத் தடவை நான் எதுவும் செய்யவில்லை, சும்மாதான் இருக்கிறேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சொல்லிக்கொண்டபடியே ஐந்தாவது தடவையாக நூலைத் தவறவிட்டாள்.

நர்ஸம்மா சொன்ன நேரத்துக்கு வந்தார். ஐம்பது வயதுக்காரர், சுருக்கமாகப் பேசுபவர். போன தடவை நடந்ததற்கு வருத்தம் தெரிவித்தார், அதே மூச்சில் விதி விதிதான் என்றும் சொன்னார். மேஜையில் டேப்லெட்டை நிறுத்தினார். நெஞ்சுப் பட்டையைத் தானே மாட்டி, இரண்டு தடவை இழுத்துப் பார்த்தார். ஒன்பது மணி ஆறு நிமிஷத்துக்கு ஏணி மிதிக்கத் தொடங்கினார்.

அவருக்கு எதிரே ஜன்னல். நர்ஸம்மா வலப்பக்கம் மேஜையருகே. இடப்பக்கம், சைக்கிளிலிருந்து ஒரு கை தூரத்தில், மடியில் யாருக்கோ தைக்கும் வெள்ளைத் திரைச்சீலையோடு அவள். முதல் ஐந்து நிமிஷம் சக்கரத்தின் ரீங்காரம் தவிர ஒன்றுமில்லை. அறுபத்திரண்டு, அறுபத்து மூன்று என்று நர்ஸம்மா அவ்வப்போது சொன்னார். இதயம் சீராக இருந்தது. மனிதர் இந்த மூன்று வாரமும் சும்மா இருக்கவில்லை. கேட் வேலை முடிந்து வந்து தினம் ஒரு மணி நேரம் மிதித்திருந்தார்.

எட்டாவது நிமிஷத்தில் அது தொடங்கியது. டிக். ஒரு சுற்றுக்கு ஒரு டிக். எண்ணெய்மேல் உட்கார்ந்த ரப்பர் கொஞ்சம் வழுக்கியிருக்க வேண்டும். பூட்டுகள் இப்போது உரசவில்லை, தட்டின. விநாடிக்கு ஒன்று, சுவர்க் கடிகாரம் போல. நர்ஸம்மா நிமிர்ந்து சுவரைப் பார்த்தார். அங்கே கடிகாரம் இல்லை. சைக்கிள் என்றால் ஏதாவது சத்தம் வரத்தான் செய்யும் என்று நினைத்தவராக மறுபடி டேப்லெட்டுக்குத் திரும்பினார். ஏணி ஜன்னலைப் பார்த்து மிதித்துக்கொண்டிருந்தார்.

அவள் எண்ணத் தொடங்கினாள். எண்ண வேண்டும் என்று நினைத்து எண்ணவில்லை. டிக் டிக்கென்று கேட்டால் மனசு எண்ணாமல் என்ன செய்யும்? நூறு. இருநூறு. பிளாஸ்டிக் பூட்டுக்குள் ஒரு சின்ன நாக்குதான் வாலைப் பிடித்து வைத்திருக்கிறது. அது இரும்பில் எத்தனை அடி வாங்கும்? ஐநூறா, அறுநூறா? போகட்டும், விழட்டும் என்று ஒரு மனசு சொன்னது. கேட்டில் உட்கார்ந்து லாரி நம்பர் எழுதினால் என்ன குறைந்துவிடும்? சாயங்காலம் முழு ஆளாக வீட்டுக்கு வருகிறார். முழு ஆளா என்று இன்னொரு மனசு கேட்டது. கேட்டிலிருந்து வரும் மனிதர் ஷூவைக் கழற்றாமல் அரை மணி நேரம் நாற்காலியில் உட்கார்ந்திருப்பதை அவள் தினமும் பார்க்கிறாள். என்னங்க என்று கேட்டால், ஒண்ணுமில்ல, கீழ இருந்தா எல்லாம் எனக்கு முதுகுப்பக்கம் நடக்குற மாதிரி இருக்கு என்பார்.

பதினேழாவது நிமிஷத்தில் அவள் பாதத்தில் ஏதோ பட்டது. குனிந்து பார்த்தாள். கேபிள் டையின் கட்டை முனை, ஒரு அரிசிமணி அளவுதான். ஒரு கட்டு போய்விட்டது. சென்சார் மீதி ஒரு கட்டில் சாய்ந்து தொங்கியபடி சுற்றிக்கொண்டிருந்தது. டிக் சத்தம் இப்போது டக்கென்று மாறியிருந்தது.

அப்போதுதான் ஏணி அவள் பக்கம் திரும்பினார். முகம் முழுக்க வியர்வை, அதற்குள் ஒரு சந்தோஷம். மூச்சை வீணாக்காமல் வலது கையைக் கைப்பிடியிலிருந்து எடுத்து, உள்ளங்கையைக் கீழே காட்டி இரண்டு தடவை அசைத்தார்.

அது யார்டு பாஷை. மேலே கேபினில் இருப்பவருக்குக் கீழே நடப்பது பாதி தெரியாது. தரையில் நிற்கிற சிக்னல்காரனின் கைதான் அவருக்குக் கண். ஏணி அந்தப் பாஷையை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். ஆள்காட்டி விரலை உயர்த்தி வட்டம் போட்டால் தூக்கு. வீட்டில் அதற்குக் காபி கொண்டுவா என்று அர்த்தம். கையை மூடிக் காட்டினால் நிறுத்து; வீட்டில் அதற்குப் போதும், இன்னும் சோறு போடாதே என்று அர்த்தம். சண்டை போட்ட நாட்களிலும் இந்தப் பாஷை மட்டும் நின்றதில்லை. உள்ளங்கையைக் கீழே காட்டி இரண்டு தடவை அசைத்தால், கீழே எல்லாம் சரியா என்று கேள்வி.

கேள்விக்குப் பதில் கட்டைவிரல். காட்டிவிட்டால் தீர்ந்தது. அவர் நிம்மதியாக ஜன்னல் பக்கம் திரும்பிவிடுவார், இன்னும் ஐந்தாறு நிமிஷத்தில் மீதிக் கட்டும் போய்விடும், யாரும் யாரையும் குற்றம் சொல்ல முடியாது. அவள் கை மடியிலிருந்து எழுந்தது. கட்டைவிரல் மட்டும் எழவில்லை.

வாயால் அவள் எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறாள். குடும்பம் நடத்துபவள் சொல்லாமல் இருக்க முடியுமா? ஆனால் அந்த ஒரு மணி ஐம்பது நிமிஷமும் அவள் பக்கத்தில் நின்ற சிக்னல்காரரின் கையைத்தான் அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். மேலேயும் கீழேயும் யாரும் பேசவில்லை. அந்தக் கை மூடியபோது படுக்கை நின்றது, திறந்தபோது இறங்கியது. அவர் உயிரோடு தரைக்கு வந்து சேர்ந்தது அந்தக் கையால்தான். அதே பாஷையில் இந்த மனிதருக்குப் பொய் சொல்ல அவளுக்குத் துணிச்சல் வரவில்லை. சும்மா இருப்பதற்கும் இனி வழியில்லை. கேள்வி கேட்டுவிட்டார், காத்துக்கொண்டிருக்கிறார்.

அவள் கையை விரித்துக் காட்டினாள். பொறு என்று அர்த்தம். அவர் புருவம் சுருங்கியது, கால் நிற்கவில்லை.

"நர்ஸம்மா, ரீடிங் நின்னா எத்தனை செகண்டு வரைக்கும் தாங்கும்?"

"பத்து. பத்து ஆயிடுச்சுன்னா அதுவே மூடிக்கும், நான் நினைச்சாலும் திறக்க முடியாது. ஏம்மா?"

"வண்டிய நான் தொடலாமா?"

நர்ஸம்மா எழுந்து வந்து எட்டிப் பார்த்தார். சாய்ந்து சுற்றிய சென்சாரைக் கண்டதும் அவர் முகம் மாறியது. ஓட்டுபவரைத் தொடக்கூடாது என்றுதான் எழுதியிருக்கிறது, வண்டியைப் பற்றி எதுவும் எழுதவில்லை என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, டேப்லெட் பக்கம் போய் நின்றுகொண்டார்.

மெஷின் இழுப்பறையில் எலாஸ்டிக் நாடா இருந்தது. ஒரு முழம் வெட்டினாள். திரைச்சீலையை மடியோடு அள்ளிக்கொண்டு சைக்கிளுக்குப் பக்கத்தில் மண்டியிட்டாள். முகத்திலிருந்து ஒரு சாண் தூரத்தில் அவர் கால் வந்து வந்து போயிற்று. கிராங்குக்கும் சட்டத்துக்கும் நடுவில் ஒரு விரல் நுழையும் இடம்தான் இருந்தது. கால் ஓடும்போது கையை விட்டால் விரல் இருக்காது. கால் நின்றால் பத்து விநாடி. அவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார், ஜன்னலை மறந்துவிட்டார்.

நிறுத்தினால் பரிசோதனை போய்விடும் என்று அவருக்குத் தெரியும். போன தடவை போனதும் தெரியும். ஏன் எதற்கு என்று கேட்க மூச்சும் இல்லை, நேரமும் இல்லை. இந்த மனிதர் நிறுத்துவாரா? முப்பது வருஷத்தில் அவள் பேச்சைக் கேட்டு அவர் ஒரு சட்டையைக்கூட மாற்றியதில்லை.

பெடல் கீழே இறங்கும் நேரம் பார்த்து அவள் கையை மூடினாள்.

கால் நின்றது. ஒரு சுற்றுகூட மிச்சம் ஓடவில்லை. இடது பெடல் அடியில், நேராக, அவள் கை போட வசதியாக நின்றது.

ஒன்று. திரைச்சீலையின் மூலையைப் பிடித்துக் கிராங்கை அழுத்தித் துடைத்தாள். வெள்ளைத் துணியில் கறுப்பு எண்ணெய் அப்பிக்கொண்டது. இரண்டு. சென்சாரை நேராக்கிக் கட்டைவிரலால் அமுக்கினாள். மூன்று. நாடாவின் முனையை உட்பக்கம் நுழைத்தாள், அது சட்டத்தில் பட்டு மடிந்துகொண்டது. நாலு. மறுபடி நுழைத்தாள், வந்தது. ஐந்தில் டேப்லெட் கத்தத் தொடங்கியது. ஒரு சுற்று, இழுத்து இரண்டாவது சுற்று. ஆறு என்று நர்ஸம்மா வாய்விட்டுச் சொன்னார். மூன்றாவது சுற்று. ஏழு. முடிச்சு, வெளிப்பக்கம். எலாஸ்டிக் ஒருதரம் வழுக்கியது. எட்டு. பல்லால் ஒரு முனையைக் கடித்து இழுத்து இறுக்கினாள். கையை வெளியே இழுத்து, ஆள்காட்டி விரலை உயர்த்தி வட்டம் போட்டாள்.

கால் பாய்ந்தது. ஒன்பது என்று நர்ஸம்மா சொல்லி வாய் மூடுவதற்குள் டேப்லெட்டின் கத்தல் அடங்கியது.

மீதிப் பன்னிரண்டு நிமிஷமும் அவள் தரையிலேயே இருந்தாள். டிக் சத்தம் இல்லை. முடிச்சு அவர் செருப்பில் படுகிறதா என்று கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். படவில்லை. முப்பதாவது நிமிஷம் முடிந்து டேப்லெட் ஒருமுறை மென்மையாக ஒலித்தபோது நர்ஸம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். நின்ற நேரம் ஒன்பது விநாடி என்று எழுதினார். அடியில் தகுதி என்று எழுதி, அவரிடம் கையெழுத்து வாங்கினார். போகும்போது வாசலில் நின்று, உங்க கை எனக்கு இருந்தா நான் ஊசி போடுறதுக்கு யாரும் பயப்படமாட்டாங்க என்று அவளிடம் சொல்லிவிட்டுப் போனார்.

ஏணி நாற்காலியில் சாய்ந்து சிரித்துக்கொண்டிருந்தார். உன்ன யார்டுல சேத்திருக்கணும், சிக்னலுக்கு ஆள் தேடிக்கிட்டு இருக்காங்க என்றார். அவள் கறைபட்ட திரைச்சீலையை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். அந்தச் சிரிப்பை வைத்துக்கொண்டு அவளால் அந்த வீட்டில் ஒரு நிமிஷம் இருக்க முடியாது போலிருந்தது.

"போன தடவை கட்டு தானா அறுந்துபோகல. நான்தான் கீறி வெச்சேன்."

காதில் சரியாக விழவில்லை என்பது போல அவர் அவள் பக்கம் குனிந்தார். ஆனால் விழுந்திருந்தது என்று அவர் முகம் சொன்னது.

"எதால?" என்று கேட்டார்.

"தையல் பிரிக்கிற கத்தியால."

"ரெண்டையுமா?"

"ரெண்டையும். இன்னிக்குப் பூட்ட நீங்க உள்பக்கம் வெச்சதும் தெரியும். பாத்துக்கிட்டுச் சும்மா இருந்தேன். உங்கள அப்படித் தொங்கவிட்டு இறக்கினத நான் இன்னும் தினமும் பாத்துக்கிட்டிருக்கேங்க. எனக்குப் பயமா இருக்கு."

அவர் எழுந்து போய் சைக்கிளின் முன்னால் உட்கார்ந்தார். எலாஸ்டிக்கை அவிழ்க்காமல், மீதியிருந்த கேபிள் டையின் பூட்டை விரலால் தடவிப் பார்த்தார். பாதி தேய்ந்திருந்தது.

அன்றும் அடுத்த நாலு நாளும் அவர் அவளிடம் பேசவில்லை. கோபம்தான், சந்தேகம் வேண்டாம். ஆனால் காபி வேண்டும்போது விரல் உயர்ந்து வட்டம் போட்டது, சோறு போதும்போது கை மூடியது. தம்பி வந்து பார்த்துவிட்டு, இந்த வீட்டில் டி.வி. சத்தத்தைக் குறைத்துவிட்டார்களோ என்று கேட்டான். இரண்டு பேருமே அவனை முறைத்தார்கள். ஐந்தாம் நாள் காலை, வேலைக்குக் கிளம்பி ஷூவின் நாடாவைக் கட்டிக்கொண்டே, நிமிராமல் சொன்னார்.

"வேலி வரைக்கும் வா."

யார்டின் கம்பி வேலிக்கு வெளியே ரோடு, உள்ளே கொஞ்ச தூரத்தில் அந்தக் கிரேன். அவள் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எட்டு மாதத்துக்குப் பிறகு அண்ணாந்து பார்க்கிறாள். கேபின் அங்கேதான் இருந்தது, ஒரு தீப்பெட்டி அளவுக்கு. ஏணி யார்டு ஆட்களிடம் கைகொடுத்தார், ஹெல்மெட்டை மாட்டினார், ஏறத் தொடங்கினார். ஒவ்வொரு படியாக, அவசரமில்லாமல். முதல் மேடைக்கு வந்ததும் நின்று கீழே பார்த்தார். அங்கே நின்று சிக்னல்காரரைப் பார்த்து அனுமதி வாங்கிவிட்டுத்தான் மேலே போக வேண்டும். சிக்னல்காரர் தயாராகக் கையை உயர்த்தியிருந்தார். ஏணி அவரைப் பார்க்கவில்லை. வேலியைப் பார்த்தார். உள்ளங்கையைக் கீழே காட்டி இரண்டு தடவை அசைத்தார்.

அவள் கை வேலியை விட்டு எழுந்தது, எழுந்து மூடிக்கொண்டது.

ஏணி நின்றார். ஒரு கால் மேடையில், ஒரு கால் அடுத்த படியில். சிக்னல்காரர் திரும்பி வேலிப்பக்கம் பார்த்தார், விஷயம் புரிந்ததோ என்னவோ, தன் கையை இறக்கிக்கொண்டார். மற்றவர்களும் பார்த்தார்கள். அவர் அசையவில்லை. கையைத் திறக்காமல் இருந்தால் அவர் இறங்கி வந்துவிடுவார் என்று அவளுக்குத் தெரிந்தது. கோபப்படாமல் வருவார், கேட்டில் உட்கார்ந்து லாரி நம்பர் எழுதுவார், இந்த விஷயத்தை ஒருநாளும் பேசமாட்டார். அதைச் சொல்லத்தான் அவளை வேலி வரைக்கும் கூட்டி வந்திருக்கிறார்.

அவள் எண்ணினாள். ஒன்று, இரண்டு, மூன்று. கண்ணீர் வந்து கிரேன் இரண்டாகத் தெரிந்தது. ஆறு. ஏழு. அந்தக் கால்களில் இன்று இரண்டு ஷூவும் இருந்தன, நாடா இறுகக் கட்டியிருந்தது. எட்டு.

ஒன்பதில் கையைத் திறந்தாள். ஆள்காட்டி விரலை உயர்த்தி ஒரு வட்டம் போட்டாள்.

அவர் ஏறத் தொடங்கினார். கேபின் கதவு மூடும்வரை அவள் விரலை இறக்கவில்லை.